அத்தாவின் வலக்கையும் உன் பழைய ரோபோவும்

ரியாஸ் கண்ணு,

வெள்ளிக்கிழமை நீ போனில் பேசியதை நான் மட்டும் கேட்கவில்லை. "ஜப்பானுக்குப் போகலைன்னு மேனேஜர்கிட்ட சொல்லிடப் போறேம்மா. அத்தாவை இப்படி விட்டுட்டு எனக்கு அங்க என்ன வேலை? சேலையூருக்கே வந்துடறேன்" என்று நீ சொன்னதெல்லாம் அத்தா காதிலும் விழுந்தது. போன் ஸ்பீக்கரில் இருந்தது உனக்குத் தெரியாது. அவர் தடியை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார். நான் உன்னிடம் "பார்க்கலாம்பா" என்று மட்டும் சொன்னேன். போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து எதையாவது சொல்லி என் வாயை அடைத்துவிடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம். வக்கீல் ஆபீசில் இத்தனை வருஷம் அடுத்தவர்கள் சொல்லச் சொல்ல டைப் அடித்தேன், இன்றைக்கு நானே சொல்லி நானே அடிக்கிறேன். பொறுமையாக முழுசும் படி.

நீ தெரிந்துகொண்டிருப்பது பாதிக் கதை. அத்தாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரியில் இருந்தவரை நீ கூடவே இருந்தாய். வீட்டுக்கு அழைத்து வந்து, கட்டில், நாற்காலி, பாத்ரூம் கைப்பிடி எல்லாம் ஏற்பாடு பண்ணிவிட்டுத்தான் புனேவுக்கு வேலைக்குக் கிளம்பினாய். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நீ பார்த்த அத்தா, உனக்காகச் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்த அத்தா. நீ "எப்படி இருக்கீங்க அத்தா?" என்பாய், அவர் தலையை ஆட்டிச் சிரிப்பார். பேசி முடிந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். பேச்சு கொஞ்சம் குழறியது, அவ்வளவுதான். ஆனால் வந்தவர்கள் ஒவ்வொருவரும் "என்ன சொல்றீங்க?" என்று குனிந்து காதைக் கொடுத்ததில் அவருக்குப் பேசுவதே வெறுத்துப்போனது. ஜும்ஆத் தொழுகைக்குப் போவதை நிறுத்தினார். பிசியோதெரபி கொடுக்க வந்த பெண் ரப்பர் பந்தைத் தளர்ந்துபோன வலக்கையில் வைத்து அமுக்கச் சொன்னாள். "குழந்தைக்குக் கொடுக்கிற மாதிரி கொடுக்கறா" என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு அதைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டார். எத்தனை வண்டிகளுக்கு சீட் கவர் தைத்த கை அது! கேம்ப் ரோட்டில் போகிற பைக்கைப் பார்த்து, "இது நம்ம தையல்" என்று தூரத்திலிருந்தே சொல்கிறவர், அந்தக் கையைத் துண்டுக்குள் மறைத்து வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

ஜோசப் அண்ணனை உனக்கு நினைவிருக்கும், ராஜகீழ்ப்பாக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருப்பவர், அத்தாவோடு வாரம் தவறாமல் கேரம் ஆடுகிறவர். அவர் வந்து வாசலில் நின்று, "இன்னா பாய், போர்டு சும்மா தூங்கிகினு கீது, வரயா?" என்று கூப்பிடுவார். அத்தா தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொள்வார். ஜோசப் அண்ணன் என்னைப் பார்ப்பார், நான் தலையைக் குனிந்துகொள்வேன். ஒரு கட்டத்தில் அவரும் வருவதைக் குறைத்துக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கொள்கிற மனுஷனை எத்தனை தடவை கூப்பிடுவது?

இதையெல்லாம் உன்னிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே வண்டி ஏறியிருப்பாய் என்று தெரியும்.

ஒருநாள் மழைக்குப் பரண் ஒழுகியது. பாயும் தலையணையும் நனையாமல் இருக்க எல்லாவற்றையும் கீழே இறக்கினேன். அப்போதுதான் உன் காலேஜ் பெட்டி கிடைத்தது. பொத்தேரியில் ரூம் எடுத்துப் படித்தபோது போட்டிக்காக ஒரு ரோபோக் கை செய்தாயே, அதுதான். கை தனித்தனியாகக் கழன்று கிடந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் சிறிதாக நீல நிறத்தில் சின்னச் சின்ன மோட்டார்கள், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கன்ட்ரோலர் போர்டு, ஒரு கட்டு ஒயர். கூடவே உன் பழைய லேப்டாப். தூக்கிப்போட மனசு வராமல் லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுத் திறந்து பார்த்தேன். அதில் நீ பேசியிருந்தாய்! ஜூனியர் பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்க நீ எடுத்த வீடியோக்கள். மீசை சரியாக முளைக்காத முகத்தோடு மோட்டாரைக் கையில் தூக்கிக் காட்டி, "மச்சான், இது சர்வோ மோட்டார். ஃபேன் மாதிரி சும்மா சுத்திக்கிட்டே இருக்காது. எந்த ஆங்கிள்ல நிக்கணும்னு சொல்றமோ அங்க போய் நிக்கும்" என்கிறாய். உன்னை அவ்வளவு பொறுமையாக நான் பார்த்ததே இல்லை. வீட்டில் என் போனில் ஏதாவது கேட்டால், "குடும்மா, நானே பண்ணிடறேன்" என்று பிடுங்கிக்கொள்கிற பிள்ளையா இது என்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் சத்தம் கேட்டு அத்தா சுவரிலிருந்து இந்தப் பக்கம் திரும்பினார்.

அதற்காகத்தான் ஆரம்பித்தேன், மறைக்க என்ன இருக்கிறது? அவர் திரும்பிப் படுக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு திட்டம் எதுவும் கிடையாது. அவர் கட்டிலுக்கு எதிரே மேஜையைப் போட்டு, உன் வீடியோவை ஓடவிட்டு, நீ சொன்னதைச் செய்தேன். மோட்டாரிலிருந்து மூன்று ஒயர் வருகிறது. சிவப்பில் கரண்ட், பழுப்பு கிரவுண்ட், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற வழி, ஆரஞ்சு வழியாக உத்தரவு. லேப்டாப்பில் அடித்துப் போர்டுக்கு அனுப்புகிற புரோகிராமைப் பார்த்ததும் எனக்குப் பயம் வரவில்லை. பத்திரம் டைப் அடிக்கும்போதும் பாதி புரியாது. ஆனால் ஒரு காற்புள்ளி இடம் மாறினால் ஒருத்தர் நிலம் இன்னொருத்தருக்குப் போய்விடும் என்று தெரியும், அந்தக் கவனத்தோடு அடிப்பேன். இதுவும் அதே மாதிரிதான், வரி முடிகிற இடத்தில் ஓர் அரைப்புள்ளியை விட்டால் முழுசையும் திருப்பி அனுப்புகிறது. எங்கள் வக்கீலே பரவாயில்லை.

ஒரு மோட்டார் சொன்னபடி திரும்பியது. எனக்கு வந்த சந்தோஷத்தில் இரண்டாவதையும் மாட்டினேன். உடனே போர்டு அணைந்து அணைந்து எரிந்தது, மோட்டார் இரண்டும் செத்த மாதிரி நின்றுவிட்டன. உன் வீடியோவில் தேடினேன். லேப்டாப்பிலிருந்து வருகிற கரண்ட் மோட்டார்களுக்குப் போதாது, அதற்குத் தனியாக பேட்டரி கொடுக்க வேண்டும் என்கிறாய். பேட்டரி டப்பா மாட்டினேன். இப்போது மோட்டார்கள் குளிர் ஜுரம் வந்ததுபோல நடுங்க ஆரம்பித்தன. நான் சொல்வதை அவை கேட்கவே இல்லை. ஒயரைப் பிடுங்கி, மாட்டி, அலுத்துப்போய், "போதும், எடுத்து வெச்சிடறேன்" என்று எழுந்தேன். கட்டிலிலிருந்து குழறலாக ஒரு சத்தம், "அவன் சொன்னான்." என்னவென்று கேட்டேன். அவர் எரிச்சலோடு மறுபடியும் சொன்னார், "அவன் சொன்னானே. கிரவுண்டு." நான் கவனிக்காமல் விட்டதைப் படுத்திருந்தவர் கேட்டிருக்கிறார். பேட்டரியின் கிரவுண்டையும் போர்டின் கிரவுண்டையும் ஒன்றாகச் சேர்க்கவில்லை என்றால் போர்டு அனுப்புகிற உத்தரவு மோட்டாருக்கு விளங்காதாம். ஒரே ஓர் ஒயர்தான். சேர்த்தேன், நடுக்கம் நின்றது. அத்தா பழையபடி கண்ணை மூடிக்கொண்டார், ஆனால் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை.

அடுத்து நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. ரோபோக் கை முழுசையும் சேர்த்து, அவர் மடிக்குப் பக்கத்தில் பலகையில் வைத்து, டீயையும் அங்கேயே வைத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். கரண்ட் வந்த நொடியில் சர்வோ முதலில் தன் ஆரம்ப நிலைக்கு ஒரே தாவாகத் தாவும் என்பதை நான் மறந்துபோனேன். கை சுழன்று டீ கிளாஸைத் தட்டிவிட்டது. நல்லவேளை, ஆறின டீ. லுங்கி முழுக்கக் கொட்டியது. "முதல்ல கரண்டை நிறுத்து! ஸ்விட்ச் போடறதுக்கு முன்னாடி சுத்தி என்ன இருக்குன்னு பார்க்க மாட்டே? தையல் மிஷின்ல இப்படிப் பண்ணினா விரல் போயிடும், தெரியுமா?" ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சேர்ந்தாற்போலப் பேசிய முதல் பேச்சு அது. முழுசும் திட்டு. நான் துடைக்கிற துணியோடு நின்றுகொண்டு அழுதேன். "எதுக்கு அழறே? சுட்டுச்சா?" என்றார். கொட்டினது அவர் மேல், கேட்கிறார் என்னை.

ரோபோவை வைத்துக் கேரம் ஆடுவது அவர் யோசனை. நான் அந்தக் கையைக் கொண்டு தண்ணீர் கிளாஸ் தூக்க வைக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "அதுக்கு நீ இருக்கியே" என்று சொல்லிவிட்டு, இடது கையால் பலகையில் வரைந்து காட்டினார். ஒரு மோட்டார் இடமும் வலமுமாகத் திரும்பிக் குறி பார்க்க வேண்டும். இன்னொன்று, இழுத்து மாட்டியிருக்கிற எலாஸ்டிக்கைக் கொக்கியிலிருந்து விடுவிக்க வேண்டும், அது ஸ்ட்ரைக்கரைத் தட்டிவிடும். சர்வோவே நேராகத் தட்டினால் வேகம் போதாது என்று அவரே கண்டுபிடித்தார். கடையில் மிச்சமிருந்த சீட் கவர் எலாஸ்டிக்கைக் கொண்டுவரச் சொன்னார். குறி பார்க்கிற மோட்டாரைத் திருப்ப, ரேடியோவில் வால்யூம் கூட்டுவதுபோல ஒரு திருகு. அதை எந்தக் கையால் திருப்புவது என்று நான் கேட்கவில்லை. வலது கைப் பக்கம் வைத்தேன். அவர் துண்டை விலக்கிக் கையை வெளியே எடுத்தார்.

சின்னத் திருகு, விரல் வழுக்கியது. ஒரு மணி நேரம் போராடிவிட்டு, "இது பொம்மைக்குப் பண்ணினது" என்று தள்ளினார். எனக்குப் பந்து உருண்டது ஞாபகம் வந்தது. சமையலறைக்குப் போய் அலுமினியச் சட்டி மூடியின் பெரிய கருப்புக் குமிழைக் கழற்றி, திருகின் மேல் ஒட்டினேன். அது அவர் உள்ளங்கைக்குள் உட்கார்ந்தது. வலப்பக்கம் திருப்பினால் மோட்டார் இடப்பக்கம் போனது. "ரிவர்ஸ் கியர் போட்டு வெச்சிருக்கே" என்றார். புரோகிராமில் இரண்டு எண்களை இடம் மாற்றினேன். நானாக யோசித்துச் செய்த முதல் திருத்தம் அது, யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லையே என்று எனக்கு அன்றைக்குப் பெரிய குறை. உன்னிடம் சொல்லக் கூடாது என்பது அத்தாவின் உத்தரவு. "அவன்கிட்ட சொன்னா அங்கிருந்தே அவன் பண்ணிடுவான். நாம வேடிக்கை பார்க்கணும்" என்றார்.

ஜோசப் அண்ணனை நான்தான் போனில் கூப்பிட்டேன். வந்து பார்த்தவர், "இன்னாபா இது, போர்டு மேல கிரேன் நிக்குது?" என்றார். அத்தா இடது கையால் ஸ்ட்ரைக்கரை வைத்து எலாஸ்டிக்கை இழுத்து மாட்டினார். வலது கையால் குமிழைப் பிடித்துத் திருப்பினார். குறி தாண்டிப் போனது, திரும்ப இழுத்தார். நெற்றியெல்லாம் வியர்வை. எனக்குப் போய்ப் பிடித்துவிடலாமா என்று இருந்தது. ஜோசப் அண்ணன் வேண்டாம் என்பதுபோல என்னைப் பார்த்தார். அத்தா இடது கையால், கொக்கியை விடுவிக்கிற பட்டனை அமுக்கினார். ஸ்ட்ரைக்கர் போய் ஒரு காயையும் தொடாமல் போர்டின் சட்டத்தில் இடித்து நின்றது. "ஃபவுல் இல்ல, வேஸ்ட்டு" என்று ஜோசப் அண்ணன் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தன் ஆட்டத்தை ஆடினார். விட்டுக்கொடுக்கவே இல்லை. போர்டு முழுக்க அவரே முடித்துவிட்டு, "அடுத்தது போடட்டா?" என்று கேட்டார். அன்றைக்கு அத்தா ஒரு காய்கூடப் போடவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஒருநாள் மூலையில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக் காய் உள்ளே விழுந்தது. "மிஷின் போட்டது, நீயா போட்ட? கள்ளாட்டம்பா இது" என்றார் ஜோசப் அண்ணன். "குறி பார்த்தது யாரு?" என்று அத்தா கத்தினார். அந்தச் சண்டை மாடி வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குப் போனது. ஜோசப் அண்ணன் கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "பவுடர் பட்டுச்சுமா" என்றார்.

கை குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. சட்டைப் பொத்தான் இன்றைக்கும் நான்தான் போடுகிறேன். சோறு இடது கையால் ஸ்பூனில்தான் சாப்பிடுகிறார், அதில் அவருக்கு இன்னும் கூச்சம் உண்டு. திருகுகிற அசைவு நல்லது, தொடர்ந்து செய்யட்டும், ஆனால் தோளுக்கும் விரல்களுக்கும் தனியாகப் பயிற்சி வேண்டும் என்று பிசியோதெரபிப் பெண் சொன்னாள். இப்போது அவள் சொல்வதைச் செய்கிறார், முகத்தைச் சுளித்துக்கொண்டு செய்கிறார். போன மாதம் ஒரு சர்வோவின் உள்ளே பல்சக்கரம் தேய்ந்து, கரகரவென்று சத்தம் போட்டு நின்றுபோனது. அன்று முழுவதும் கட்டிலை விட்டு எழவில்லை. முடிந்தது, பழையபடி சுவர்தான் என்று நான் நினைத்தேன். மறுநாள் காலையில் குளித்துவிட்டு, "ஜோசப்பை வரச்சொல்லு, ஆட்டோ பிடிக்கச் சொல்லு" என்றார். தாம்பரம் மேற்கில் எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு இரண்டு பேருமாகப் போனார்கள். கடைக்காரர், "பையன் புராஜெக்ட்டுக்கா சார்?" என்று கேட்டாராம். "இல்ல, எனக்குத்தான்" என்றாராம் அத்தா. குழறினதால் கடைக்காரருக்குப் புரியவில்லை. ஜோசப் அண்ணன் எடுத்துச் சொல்ல வாயைத் திறந்திருக்கிறார், அத்தா அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தானே மறுபடியும் நிதானமாகச் சொன்னாராம். உலோகப் பல்சக்கரம் வைத்ததாகக் கேட்டு வாங்கி வந்தார். அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கும் போனார், பின்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தொழுதார்.

இப்போது நீ சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு உன் போனுக்கு அப்புறம் அவர் பின்னால் நான் உள்ளே போனேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். "அவன் வரணும்னா வரட்டும். இது அவன் வீடு. ஆனா என் கையைக் காட்டி வரக்கூடாது" என்றார். அன்றிலிருந்து அந்த வாக்கியத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் உன்னைப் பெற்றவள், அதனால் கேட்கிறேன், கோபப்படாதே. ஜப்பான் போக உனக்குப் பயமாக இருக்கிறதா? பாஷை தெரியாத ஊர், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. பொத்தேரி ரூமுக்குப் போன முதல் வாரம்கூட நீ இப்படித்தான் "உனக்கு முட்டிவலிம்மா, வீட்டுலேருந்தே டெய்லி பஸ்ல போயிட்டு வந்துடறேன்" என்றாய். எனக்கு முட்டிவலி என்பது அப்போது எனக்கே தெரியாது. பயமாக இருந்தால் பயம் என்று சொல், அதில் ஒரு கேவலமும் இல்லை. போகப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல், இங்கே உன் இடம் காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் காரணம் உன்னுடையதாக இருக்கட்டும். அத்தாவுக்காக நின்றேன் என்று நீ ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லமாட்டாய், எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு தடவை நீ அலுத்துக்கொள்ளும்போதும் அவர் அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வார்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான் களைத்துத்தான் போகிறேன். "எனக்கொன்றும் இல்லை, நீ நிம்மதியாகப் போ" என்று எழுதினால் அது பொய். அதனால் ஒரு உதவி கேட்கிறேன். போவதாக முடிவு பண்ணினால், கிளம்புவதற்கு முன்னால் பதினைந்து நாள் லீவு போட்டு வா. வந்து அத்தாவுக்கான வேலைகளை என்னோடு சேர்ந்து செய்யாதே, என்னை அனுப்பிவிட்டு நீ தனியாகச் செய். நான் வேலூரில் உன் பெரியம்மா வீட்டுக்குப் போய், மணி பார்க்காமல் தூங்கி எழுந்து, யாராவது போட்ட டீயைக் குடித்துவிட்டு வருகிறேன். போகவில்லை என்று முடிவு பண்ணினாலும் அந்தப் பதினைந்து நாள் எனக்கு வேண்டும். ரோபோவில் மட்டும் கை வைக்காதே. ஒயரெல்லாம் கோணல்மாணலாக இருக்கிறது, டேப் ஒட்டி வைத்திருக்கிறேன், உனக்குப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். அது எங்களுக்குப் புரிகிறபடி இருக்கிறது, இருக்கட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது நான் வீட்டில் இருக்கமாட்டேன், வேண்டுமென்றே மார்க்கெட்டுக்குப் போய்விடுவேன். போனை அத்தாதான் எடுப்பார். அவரிடமே கேள், உன் மனசில் இருப்பதை அவரிடமே சொல். பதில் வர நேரமாகும். பாதியில் நிற்பார், ஒரு வார்த்தைக்காகத் தவிப்பார், உனக்கு அந்த வார்த்தை தெரிந்தே இருக்கும். எடுத்துக் கொடுக்காதே கண்ணு. அவர் சொல்லி முடிக்கட்டும்.

உன்,
அம்மா